வலியை வரிசையில் நிற்க வைத்த விசில் டீச்சர்

திருச்சியில் வலிக்கே 'அட்டென்ஷன்' சொன்ன ஒரே ஆள், தென்னூரில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும் விசில் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போனது, கழுத்து விசில் போகவில்லை. வாசலில் யாராவது பைக்கைக் கோணலாக நிறுத்தினால் மேலிருந்து ஒரு ஊதல் வரும். தெருவே நிமிர்ந்து நிற்கும்.

இரண்டாம் மாடிக்காரனான எனக்கு அவர் வலது முட்டியைத் திட்டுவது தினமும் கேட்கும். "சோம்பேறி! மடங்கு!" இரண்டு வருஷம் தைலம் தேய்த்தும் முட்டி அடங்கவில்லை. கடைசியில் நான்தான் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். டீச்சர் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கன் கூப்பிடுவது நின்றுபோனது.

"முட்டி நல்லாத்தாங்க இருக்கு. கோளாறு இடுப்பு மூட்டுல. அங்க வர்ற வலி சில பேருக்கு முட்டியிலதான் தெரியும்" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் உருண்டைக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. மெத்தை மாதிரியான குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தது.

டீச்சர் முட்டியைத் தடவிக்கொடுத்தார். "சாரிப்பா. ஆள் தெரியாம திட்டிட்டேன்."

முதலில் ஆபரேஷன் இல்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மாத்திரை, வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோல். இந்தக் கடைசி விதி டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு பெரியவர் கம்பூன்றி வருவதைப் பார்த்து விசில் ஊதினார். பெரியவர் உறைந்து நின்றார்.

"ஸ்வாமி, எந்தக் கால் வலிக்குது?"

"இடது கால்தாம்மா."

"அப்ப கம்பை வலது கைக்கு மாத்துங்க."

மாற்றிக்கொண்டு பத்தடி நடந்தவர் முகம் மலரத் திரும்பி வந்தார். "பெருமாளே உங்களை அனுப்பிச்சிருக்கார்!"

"இல்லைங்க. ஜாக்கெட் பிட் வாங்க வந்தேன்."

ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்தார். எடை இறங்கியது, வலி இறங்கவில்லை. லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மாடி ஏற அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "போதும்மா. வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு."

மறுநாளே டீச்சர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். "மூட்டை மாத்திடுங்க."

கிருமித் தொற்று வரலாம், ரத்தம் கட்டலாம், மூட்டு நழுவலாம், பிறகு தரையில் சம்மணம் போடக் கூடாது என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"மூணு மாடி ஏறலாமா?"

"பழகிட்டு ஏறலாம்."

"எப்பலேருந்து பழகலாம்?"

"முதல்ல ஆபரேஷன் முடியட்டும் மேடம்!"

ஆபரேஷனுக்கு மறுநாள் வாக்கரைப் பிடித்து நடக்கவைக்க பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். "லெஃப்ட், ரைட்" என்று ஆரம்பித்தது மட்டும்தான் அவள். அடுத்த எண்ணிக்கை டீச்சரின் விசிலிலிருந்து வந்தது. வார்டில் இருந்த மற்ற மூன்று நோயாளிகளும் கட்டிலில் படுத்தபடியே பாதத்தை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். ஊதல் சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ், "இது ஆஸ்பத்திரிங்க" என்று விசிலைப் பிடுங்கிக்கொண்டார். டீச்சர் கை தட்டி எண்ணினார்.

வீடு திரும்பிய அன்று, தூக்கிக்கொண்டு போக நாற்காலியோடு நின்றான் மகன். "ஏற முடியலேன்னா நேரா பெங்களூர்தாம்மா."

"நாற்காலியை உள்ள வை. ஏறும்போது நல்ல கால் முன்னாடி. ஆஸ்பத்திரியிலேயே பழகியாச்சு."

ஒரு கையில் கைப்பிடிச் சுவர், மறு கையில் கம்பு. முதல் மாடி வந்தது. இரண்டாம் மாடியில் என் வாசலுக்கு நேரே நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அடுத்த படியில் வைத்த காலைத் திரும்ப இறக்கிக்கொண்டார். அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

கம்பைப் பின்னால் வந்த மகனிடம் நீட்டினார். "தம்பி, கையைக் குடு" என்றார் என்னிடம், மெதுவாக.

ஒவ்வொரு படியாக ஏறினோம். தன் வாசலில் நிமிர்ந்து நின்று, "ம், விடு. வந்தாச்சு" என்றார்.

எனக்குத்தான் விட மனம் வரவில்லை.