உன் தலைமுடியை நேர்ந்துவிட்ட விவரம்

அன்புள்ள தம்பி சாம்ரானுக்கு,

உன் அண்ணன் புன்தாம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் இரண்டு எருமைகளும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். அங்கே ரயோங்கில் நீயும், நீ பாடுகிற ஓட்டலும், கடற்காற்றும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் தலைமுடி எப்படி இருக்கிறது? முன்னால் நிற்கும் அந்தக் கோபுரம் அப்படியே நிற்கிறதா? எண்ணெய் ஒழுங்காகப் போடுகிறாயா? பிறந்ததிலிருந்து உன் முடியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காத அண்ணனுக்கு இப்போது என்ன திடீர் அக்கறை என்று நீ யோசிப்பாய். யோசி. யோசித்துக்கொண்டே மேலே படி. போனில் சொல்லியிருக்கலாம், போனில் நீ கத்துவாய். கடிதத்தைப் பார்த்து நீ எவ்வளவு கத்தினாலும் யசோதோனில் இருக்கிற எனக்குக் கேட்காது.

என் மகள் நிம் அரசாங்க ஆசிரியர் தேர்வு எழுதிய கதை உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். முழுசாகச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். கல்லூரி முடித்த கையோடு, என் கோழிக் கடைக்கு எதிரே இருக்கிற நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்தாள் இல்லையா, அங்கே தலைமை ஆசிரியர் எப்போதும் கூட்டத்துக்குப் போயிருப்பார், விளையாட்டு வாத்தியார் ஆங்கிலம் நடத்துவார், மிச்சம் இருந்த எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்துக்கும் இவள்தான், சம்பளம் என் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் சம்பாதிப்பதை விடக் குறைவு, அந்த ஒப்பந்தத்தையும் வருஷா வருஷம் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளைச் சாயங்காலம் என் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்து விலைப்பலகையை வாசிக்க வைப்பாள். 'கோழித் தொடை' என்று முழுசாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு தோல் துண்டு இலவசம். யாருடைய கடைத் தோல் என்று கேட்காதே.

எனக்கு அதெல்லாம் போதவில்லை. என் மகள் வெள்ளைச் சீருடையில் தோளில் பட்டையோடு நிற்க வேண்டும், அந்தப் படத்தைக் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தனும் பார்த்துவிட்டுத்தான் கோழி வாங்க வேண்டும், எனக்கும் உன் அண்ணிக்கும் நாளைக்கு ஆஸ்பத்திரி என்று போனால் அரசாங்க ஆசிரியையின் அப்பா அம்மா என்று உள்ளே கூப்பிட வேண்டும். அவள் பட்டம் வாங்கின அன்றே படத்துக்கு முன்னால் காலிக் கண்ணாடிச் சட்டத்தை வாங்கிக் கடையில் மாட்டிவிட்டேன். புதுவருஷத்துக்கு வந்தபோது நீ அதைப் பார்த்து, "உள்ள யாருண்ணே, காத்தா?" என்று கேட்டாய். அப்போது சிரித்துவிட்டேன், ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதல் வருஷம் நம் ஊர்க் காவல் தெய்வமான தாத்தாவின் குடிலில், மகள் தேறினால் ஒரு கூடை அவித்த முட்டை என்று நேர்ந்துகொண்டேன். தேறவில்லை. அடுத்த வருஷம் பன்றித் தலைக்கு ஏற்றினேன். அப்போதும் இல்லை. இதில் என்ன வயிற்றெரிச்சல் என்றால், நான் போகும்போதெல்லாம் தாத்தா காலடியில் ஒரே ஒரு சிவப்பு சோடா உறிஞ்சுகுழல் சொருகி நிற்கும். யாரோ ஒரு கஞ்சன், ஒரு பாட்டில் சோடாவில் காரியத்தை முடிக்கப் பார்க்கிறான் என்று பூசாரி தொங்லாவிடம் நக்கலடித்தேன். அந்த மனுஷன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "நீ வாயில சொல்லிட்டுப் போறே, அது ரொக்கம்" என்றார். ஆக, என்னுடைய கடன் பன்றித் தலை ஒரு ரொக்க சோடாவிடம் தோற்றுப்போயிற்று.

தேர்வு முடிந்து வெளியே வரும்போது நிம் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாசலில் ஒட்டரிசிக் கூடையோடு நிற்கிறேன், வினாத்தாளில் என்ன கேட்டான் என்றால், தினமும் வகுப்பில் தூங்குகிற பிள்ளையை முதலில் என்ன செய்வாய் என்று கேட்டானாம், நாலு விடை கொடுத்தானாம். "அதுல நான் செய்யறது எதுவுமே இல்லப்பா" என்றாள். நீ என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். அரை மணி நேரம் தூங்க விடுவாளாம், விடிய விடிய அம்மாவோடு ரப்பர் பால் எடுக்கப் போன பிள்ளை அது. எனக்கு வந்ததே கோபம். நீ செய்கிறதைத் தேடவா உன்னைப் பஸ் ஏற்றி அனுப்பினேன், அவன் எழுதினதில் ஒன்றைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சத்தம் போட்டேன். அவள் ஒட்டரிசியை உருட்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

மூன்றாம் வருஷம் நானே களத்தில் இறங்கினேன். கோன்கேனில் தேர்வுப் பயிற்சி கொடுக்கிற ஒருவர், ஓட்டல் மண்டபம் வாடகைக்கு எடுத்து, ஒலிபெருக்கி வைத்து, கல்விச் சட்டத்தைப் பாட்டாகவே பாடுவார், நானும் நிம் கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். "எல்லாருடைய பங்கேற்போடும்னு ஒரு விடையில வந்தா, கண்ண மூடிட்டு அதையே போடுங்க. நீங்க என்ன செய்வீங்கன்னு யாரும் கேக்கல" என்றார். மண்டபமே எழுதிக்கொண்டது. நம் மாகாணத்தில் காலி இடம் இல்லை, வடக்கே மலைக்கோடியில் இருக்கிற மே ஹோங் சோனில் நிறைய என்று சொன்னதும் அவர்தான். அங்கே விண்ணப்பம் போடு என்று பிடிவாதம் பிடித்தது நான். திரும்பி வந்து நேராகக் காவல் தாத்தாவிடம் போனேன். முட்டை எடுபடவில்லை, பன்றித் தலை எடுபடவில்லை, அந்தக் கஞ்சனின் சோடா வேறு குழலோடு நின்று என்னை முறைக்கிறது. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற பதற்றத்தில், "மகள் தேறினா என் தம்பி சாம்ரான் மொட்டை போட்டு, புருவத்தையும் வழிச்சு, கொஞ்ச நாள் மடத்துல காவி கட்டுவான் தாத்தா" என்று சொல்லிவிட்டேன்.

உட்கார். தண்ணீர் குடி. ஏன் என் தலையைச் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்குச் சர்க்கரை, மடத்தில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. முழங்கால் மடக்க வராது. கோழியை யார் சுடுவது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் சொந்தத் தலை ஞாபகத்துக்கே வரவில்லை. நம் குடும்பத்தில் மதிப்புள்ள முடி உன்னுடையதுதான் என்று வைத்துக்கொள்.

நிம் தேறிவிட்டாள். ஊருக்கெல்லாம் கோழி கொடுத்தேன், உனக்குப் போன் பண்ணி அழுதேன், இந்த விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் பஸ் ஏறின அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன, அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது தினமும் போனில், இன்றைக்கு என்ன பாடம் நடத்தினாய் என்று கேட்கிறேன். ஒருநாள், "நாற்காலி எண்ணினேன்பா" என்றாள். பெரிய பள்ளிக்கூடமாம், புதிதாக வந்தவள் என்று சாமான் கணக்கை இவள் தலையில் கட்டிவிட்டார்களாம். அப்புறம் மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று கோப்பு தயாரிக்கிற வேலை. "வகுப்பெடுக்கற மாதிரி போட்டோ எடுத்தாங்கப்பா. எடுத்து முடிச்சதும் அந்தப் பிள்ளைங்கள வேற ரூமுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள். சரி, அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

வெள்ளைச் சீருடைப் படமும் வந்தது. சட்டத்தில் போட்டு மாட்டினேன். உன் அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இங்கே அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு டீச்சர் எங்கேயோ இருந்துகொண்டு, புரிந்ததா பிள்ளைகளே என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, மிக நல்லது என்று தானே சொல்லிக்கொள்கிறாள். கேவ் என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பெண், பாதி எழுத்து கற்றபோது நிம் போய்விட்டாள். சாயங்காலம் என் பலகை முன்னால் வந்து நின்று 'கோழி' வரைக்கும் வாசிக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. மிச்சத்தை நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனேன். "நீங்க சும்மா சொல்லிடறீங்க தாத்தா, டீச்சர் சொல்ல மாட்டாங்க, காத்திருப்பாங்க" என்றது. தோல் துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் நேர்த்திக்கடன் பாக்கி. காவல் தாத்தா ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார். கோழிக்கூண்டில் மலைப்பாம்பு புகுந்தது, மழைக்காற்றில் மரக்கிளை முறிந்து கடைக் கூரையில் விழுந்தது, ஒட்டரிசி மென்று என் பல் உடைந்தது, ஒட்டரிசியில் எவனுக்காவது பல் உடையுமா, நீயே சொல். போனவாரம் நிம்முக்குக் காய்ச்சல் என்றதும் பூசாரியிடம் ஓடி, மகளைத் திரும்ப நம்மூருக்கே அனுப்பிவிடும்படி தாத்தாவிடம் கேட்க வேண்டும் என்றேன். "வாங்கினதுக்குக் குடுக்காம அடுத்தத கேக்க வந்திருக்கியா? கடைக்காரன்கிட்ட இப்படிக் கேப்பியா?" என்றார். ஆக, கணக்கு இதுதான்: முதலில் உன் முடி, புருவம் உட்பட. பிறகுதான் என் மகள் திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே. ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு வா. முடி வளரும் வரை தொப்பி போட்டுப் பாடலாம். புருவத்துக்கு உன் அண்ணி மை தீட்டிவிடுவதாகச் சொல்கிறாள். தப்பு என்னுடையதுதான். ஒரு கண்ணாடிச் சட்டத்தை நிரப்பப் போய் ஒரு பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணிவிட்டேன். அதற்கு உன் தலையைக் கேட்கிறேன் பார், அதுதான் இன்னும் வெட்கம்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் குரல் கடைசி வரை கட்டாமல் இருக்க வேண்டும், நீ பாடினால் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும். மொட்டையிலும் நீ அழகாகத்தான் இருப்பாய்.

உன் மேல் என்றும் பாசமுள்ள, உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அண்ணன் புன்தாம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, நாள் குறிக்கக் காவல் தாத்தா குடிலுக்குப் போனேன். அங்கே ஒன்றில்லை, ஒரு வரிசை சிவப்பு சோடா நிற்கிறது, எல்லாவற்றிலும் உறிஞ்சுகுழல். யார் ஐயா அந்தக் கஞ்சன், பணக்காரன் ஆகிவிட்டானா என்று பூசாரியைக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "உன் பொண்ணு காசு அனுப்பிச்சு வாங்கி வைக்கச் சொல்லுச்சு. எப்பவும் வைக்கறதும் அந்தப் பொண்ணுதான்" என்றார்.

என்ன வேண்டிக்கொள்வாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "மூணு வருஷமும் உன் பொண்ணு கேட்டது ஒண்ணேதான். நான் தேறக் கூடாது தாத்தா, இந்தப் பிள்ளைங்க வாசிக்கக் கத்துக்கட்டும், அப்பாவுக்குத் தெரிய வேணாம், அவ்வளவுதான். தப்பா எழுதிட்டு வாயேம்மான்னு நானே சொன்னேன். அப்பா வாசல்ல நிக்கறப்ப கை வரலன்னுச்சு."

முட்டையும் பன்றித் தலையும் தோற்றது என் மகளிடம் என்று இப்போதுதான் தெரிகிறது, சாம்ரான். ஒரு பாட்டில் சோடாவை வைத்துக்கொண்டு அவள் தாக்குப்பிடித்திருக்கிறாள். நான் உன் முடியைக் கொண்டுபோய் அவளைத் தோற்கடித்திருக்கிறேன்.

தம்பிக்குப் பதிலாக வேறு ஆள் தலை செல்லுமா என்று கேட்டேன். "நேந்துகிட்டது உன் வாய்தானே, உன் தலையே செல்லும்" என்றார். இன்று காலை வழித்தாகிவிட்டது, புருவம் உட்பட. சர்க்கரையை மடத்தில் சொல்லிவிட்டேன், கோழியை உன் அண்ணி பார்த்துக்கொள்வாள். கேவ் என்னைப் பார்த்துவிட்டு அவித்த முட்டை என்று சொல்லிச் சிரித்தது, நீயும் சிரி. காவி கட்டப் போகும் முன் நானும் ஒரு சோடா வாங்கி, குழல் சொருகி, அவள் வரிசையின் ஓரத்தில் வைத்தேன். இந்தப் பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் கேட்டதையே கேட்டேன். அவளும் நானும் ஒரே விஷயத்தைக் கேட்பது இதுதான் முதல் தடவை.