ஸ்வெட்டர் சாரும் அவரோட ஏழு அத்தைங்களும்

போர்ட் பிளேயர்ல வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுத் திரிஞ்ச மனுஷன் ஒருத்தர்தான். அவருக்கு முன்னால யாரும் போட்டதில்ல, இனிமே போடப்போற ஆளு இன்னும் பொறக்கல. சித்திரை மாசம் அபர்தீன் பஜார்ல நாயெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நெழலுக்குச் சண்ட போடும். இவரு கழுத்து வரைக்கும் கம்பளி, தலையில குரங்குக் குல்லா, கையில எளநி, நடு ரோட்டுல வருவாரு. பாக்குற நமக்கு வேர்த்து ஊத்தும்.

"ஏன் சார், வெளிய வந்தா கழட்டலாமுல்ல?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி பதினெட்டும்மா. வெளிய முப்பத்தஞ்சு. போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி, ஒடம்பு எதத்தான் நம்பும்? அதான் ஒரே முடிவா இருந்துட்டேன்"ன்னாரு.

நான் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரி. சுனாமிக்கு அப்பறம் போர்ட் பிளேயர் வந்து, கொஞ்ச வருஷம் டின் ஷெட்டுல கெடந்து, கடைசியா ஒரு ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கி டீ குடுக்குற வேலைக்குச் சேந்தேன். ஆபீஸ் பேரு வேணாம். அங்க இருக்குறவங்களுக்கும் பென்ஷன் வரணும். கப்பல் டிக்கெட்டு, சம்பளம், ஆள் வந்தாங்களா வரலியாங்கிற கணக்கு, எல்லாம் அங்க இருந்த கம்ப்யூட்டர்லதான் ஓடும். அந்த கம்ப்யூட்டர் ரூமுக்கு ராஜாதான் நம்ம ஸ்வெட்டர் சாரு. தர்மபுரிப் பக்கத்து ஆளு. முப்பது வயசு இருக்கும். ரூமுக்குள்ள யாரையும் விடமாட்டாரு. நான் மட்டும் செருப்பக் கழட்டிட்டு, தொடைக்கக் காஞ்ச துணியோட போகலாம்.

"சார், பொட்டி ரெண்டுதான் நிக்குது. வெளிய எல்லாரும் ஏழு மிஷின் ஏழு மிஷின்ங்கிறாங்களே. மீதி அஞ்ச வித்துட்டீங்களா?"

"ரெண்டு பொட்டிதாம்மா நெசம். அதுக்குள்ள ஏழு மிஷின் இருக்குற மாதிரி நடிக்குது. ஒவ்வொண்ணும் நாம தனியா, சொந்தமா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

"அட, லயம்னு சொல்லுங்க."

எங்க அப்பாரு அம்மா கச்சாலுக்கு வர்றதுக்கு முன்னால இலங்கையில தேயிலத் தோட்டத்து லயத்துலதான் இருந்தாங்க. நீளமா ஒரே கூரை, நடுவுல செவுரு செவுரா வெச்சு பத்துக் குடும்பம். ஒவ்வொருத்தியும் தன் காம்பராவ தொரை பங்களா மாதிரிதான் பேசுவா. இதச் சொன்னதும் சாருக்கு அப்பிடி ஒரு சந்தோஷம். "மெயின்லேண்ட்ல இருந்து வந்து மூணு நாள் கிளாஸ் எடுத்தாங்கம்மா. ஒருத்தனும் இத சொல்லல"ன்னு டைரியில எழுதிக்கிட்டாரு.

அந்த ஏழு மிஷினுக்கும் அவரு வெச்சிருந்த பேரு, அவரு அப்பாவோட கூடப்பொறந்த ஏழு பேரு. பெரியத்தைங்கிறது டிக்கெட்டு. நடு அத்தை சம்பளம். கடைசி அத்தை, ஆள் வருகைக் கணக்கு. ஏன் சார் இப்பிடின்னா, "எவ்வளவு போட்டாலும் பத்தலைம்பாங்க. ஒருத்திக்குக் குடுத்தா இன்னொருத்தி பாத்துக்கிட்டே இருப்பா. வேற என்ன பேரு வைக்கிறது?"ங்கிறாரு.

இதுல ஒரு நாள் கூத்தாயிப் போச்சு. காலையில வராண்டாவுல நின்னு யாருக்கோ போன் பேசுறாரு. "பெரியத்தை விழுந்துட்டா. மூச்சுப் பேச்சு இல்ல. தட்டிப் பாத்துட்டேன், எந்திரிக்கல. ஆமா, ரொம்ப நாளாவே இழுத்துக்கிட்டுதான் இருந்தா." பக்கத்துல எங்க ஹெட் கிளார்க்கு தத்தா பாபு. பெங்காலி, ஆனா தமிழு அரைகுறையா வெளங்கும். அந்த அர தான் ஆபத்து. உள்ள போயி எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லி, ரெண்டு நிமிஷம் தலையக் குனிஞ்சு நிக்க வெச்சுட்டாரு. டிக்கெட்டு வாங்க வந்தவங்களும் சேந்து நின்னாங்க. நானும் டீ கெட்டிலோட நின்னேன். அப்பதான் சாரு கதவத் தொறந்து, "எந்திரிச்சுட்டா. எல்லாரும் வேலையப் பாக்கலாம்"னாரு. தத்தா பாபு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தவருதான். அன்னிக்கு அவருக்கு மட்டும் மூணு டீ.

ஆனா பெரியத்தை விழுறது தெனமும் இல்ல. பதினோரு நாளைக்கு ஒரு தடவ. கூடவே மத்த அத்தைங்களும் சாஞ்சிரும். சாரு பொட்டிய அணைச்சுப் போடுவாரு, எல்லாம் எந்திரிக்கும், திரும்பப் பதினோரு நாள். எங்க பெரிய ஆபீசரு, நாங்க படா சாப்னு சொல்லுவோம், அவரு ஒரு நாள் கண்டுபுடிச்சாரு பாருங்க காரணம். நாந்தானாம்.

"தங்கம்மா போச்சா மார்த்தி ஹை, மிஷின் பந்த் ஹோத்தா ஹை"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. நான் தரையத் தொடச்சாலே மிஷின் நிக்குதாம். நாளையில இருந்து வேற ஆளு பாக்கச் சொல்லியாச்சு. பெருக்குற வேலைக்கும் போட்டி உள்ள ஊரு இது.

ஸ்வெட்டர் சாரு ரூமுக்குள்ள போனாரு. ஒரு சிலேட்டத் தூக்கிட்டு வந்தாரு. பள்ளிக்கூடப் புள்ளைங்க வெச்சிருக்குமே, அந்த சிலேட்டு. தெனமும் மெமரி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு, காய்ச்சக்காரனுக்கு எழுதுற மாதிரி எழுதி வெச்சிருக்காரு. அவரோட இந்தி தர்மபுரி இந்தி, அதுல படா சாப்புக்குச் சொல்லி, எனக்குத் தமிழுலயும் சொன்னாரு.

"ஒவ்வொரு அத்தையும் சமையலுக்குப் பாத்திரம் வாங்குறா. முடிஞ்சதும் கழுவித் திருப்பிக் குடுத்துடறா. அவங்க மேல குத்தமில்ல. வாங்கி வைக்கிற ஸ்டோர்காரன், அதான் பொட்டிக்குள்ள மெமரியப் பங்கு போடுற புரோகிராம், பத்துல ஒண்ண எங்க வெச்சோம்னு மறந்துடறான். பதினோராம் நாள் யாரு போயிக் கேட்டாலும் இல்லைங்கிறான். ஸ்டோரு பூரா பாத்திரம் கெடக்கு. இந்தம்மா தொடப்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்டோர்காரன மாத்தணும். அவ்வளவுதான்."

படா சாப்பு சிலேட்டப் பாத்தாரு. சாரப் பாத்தாரு. "டீக் ஹை. பள்ளிக்கூட லீவுக்கு டிக்கெட்டு தெறக்குற திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணு. அன்னிக்கு நின்னா, அடுத்த கப்பல்ல உனக்குக் கேம்பல் பேக்கு டிரான்ஸ்பரு"ன்னு முடிச்சுட்டாரு.

என் வேலையக் காப்பாத்தப் போயி மனுஷன் தன் கழுத்தக் குடுத்துட்டாரு. கேம்பல் பேன்னா தெக்கால கடைசித் தீவு. கப்பல்ல ரெண்டு ராத்திரி, ரெண்டு பகலு. நம்ம சாருக்கோ, ஜெட்டியில, அதான் கப்பல் தொறையில, கயிறு கட்டிப் போட்டிருக்குற கப்பலப் பாத்தாலே வாந்தி வரும். ஊருல இருந்து பிளேன்ல வந்தப்பவே, கீழ தண்ணி தெரியும்னு கண்ணக் கட்டிக்கிட்டு வந்த ஆளு.

புது ஸ்டோர்காரன் கம்ப்யூட்டர் வழியாவே எறங்கி வருவானாம். மெயின்லேண்ட்ல வருவான். இங்க நெட்டு ஆகாசத்து வழியா வருது, மேகம் வந்தா போயிரும். சாரு ஒம்போது தடவ எறக்கிப் பாத்தாரு. ஒம்போதாவது தடவ நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு வரைக்கும் வந்து, மழ புடிச்சுது. அன்னிக்கு அவரு டீ வேணாம்னுட்டாரு.

நாந்தான் சொன்னேன். "சார், மெயின்லேண்ட்ல இருந்து சாமான் வரணும்னா நெட்டையா நம்புறது? எங்க நாத்தனார் மக செல்வி, ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயி கப்பல்ல திரும்பி வர்றா. உங்க ஆளுகிட்ட சொல்லி, அத எதுலயாச்சும் போட்டு அவ கையில குடுக்கச் சொல்லுங்க."

இங்க யாரு மெயின்லேண்ட் போனாலும் அப்பிடித்தான. தெருவே சேந்து சாமான் சொல்லிவிடும். செல்விகிட்ட பதிமூணு வீட்டு சாமானு. முருங்கக்கா, நல்லெண்ணெய், தாலிக்கயிறு, மிளகாத்தூளு. அதோட சாரோட சிநேகிதரு சென்னைத் துறைமுகத்துக்கே வந்து ஒரு பென்டிரைவக் குடுத்தாரு. நக நீளந்தான் இருக்கும். கப்பல்ல படுக்குற பங்க் கட்டில்ல தொலஞ்சிரப் போவுதுன்னு செல்வி ரொம்ப சாமர்த்தியமா ஒரு காரியம் பண்ணினா.

வெள்ளிக்கெழம கப்பல் வந்தது. நானும் சாரும் ஜெட்டிக்கு வெளிய நிக்கிறோம், சாரு கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. "எங்கடி அந்த பென்டிரைவு?"ன்னேன்.

"பத்திரமா இருக்கு அத்த. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மிளகாத்தூள் டின்னுக்கு அடியில வெச்சுட்டேன். திருடன் கூட கை விடமாட்டான்."

"டின்னு எங்க?"

செல்வி சுத்திப் பாத்தா. "மாரியண்ணன் ஆளு வந்து வாங்கிட்டுப் போயிட்டானே. இந்நேரம் ஹேவ்லாக் போட்டுல ஏறியிருப்பான்."

மாரி எங்க ஊருப் பக்கத்துக்காரந்தான். ஹேவ்லாக் தீவுல மெஸ் வெச்சிருக்கான். போன் போட்டு, டின்னத் தொறக்காத, யாருகிட்டயாச்சும் குடுத்து விடுன்னேன். சாரு போனப் புடுங்கி, "குடுத்து விடாதீங்க, நானே வர்றேன்"ன்னுட்டாரு. என்னைப் பாத்து, "இன்னும் ரெண்டு கை மாறினா அது மல்லித்தூளாயி நீல் தீவுக்குப் போயிரும்மா"ன்னாரு. நானும் கூட வர்றேன்னேன். யோசன குடுத்தது நான்.

சனிக்கெழம காலையில போட்டுல ரெண்டு பேரும் உக்காந்தோம். ஸ்வெட்டருக்கு மேல லைஃப் ஜாக்கெட்டு, மூக்குல எலுமிச்சம்பழம், கண்ணு ரெண்டும் மூடி. அத்தைங்க பேர வரிசையாச் சொல்லி, ஒவ்வொருத்திக்கும் எவ்வளவு மெமரி மிச்சம்னு முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே வர்றாரு. எதிர்ல இருந்த அம்மா ஏதோ மந்திரம்னு நெனச்சு கையெடுத்துக் கும்புட்டுச்சு. மொதத் தடவ வாந்தி கவருல. ரெண்டாந்தடவயும் கவருல. மூணாந்தடவ கவரு தீந்துபோச்சு, குரங்குக் குல்லாயக் குடுத்துட்டேன். வேற என்ன பண்ண.

மாரி தொறக்காதன்னா தொறக்காம இருக்குறவனா? அன்னிக்கு மீன் கொழம்புக்கு மேலாப்புல ஒரு கரண்டி எடுத்துட்டான். நல்ல வேள, பென்டிரைவு அடியில இருந்துச்சு. கவரு மட்டும் எங்கயோ கிழிஞ்சிருக்கு. குங்குமத்துல முக்கியெடுத்த மாதிரி செவப்பா வந்துச்சு. சாரு அத உள்ளங்கையில வெச்சு, பல்லு வெளக்குற பிரஷ்ஷால தட்டித் தட்டி, வாயால ஒரு ஊது ஊதினாரு. அவ்வளவுதான், தும்ம ஆரம்பிச்சுட்டாரு. போட்டு ஏறினப்ப தும்முறாரு, நடுக்கடல்ல தும்முறாரு, போர்ட் பிளேயர் வெளக்கு தெரியிற வரைக்கும் தும்முறாரு. எறங்கினப்பறந்தான் அவருக்கே தெரியுது, வாந்தி எடுக்க நேரமே கெடைக்கல.

ஞாயித்துக்கெழம. மறுநாள் கூட்டம்னு எல்லாருக்கும் வேல வெச்சிருந்தாங்க. சாரு பண்ணப்போறது என்னன்னா, ஒரு லயத்து, அதாவது ஒரு பொட்டியோட, ஆளுங்கள அடுத்த லயத்துக்கு மாத்தணும். காலி லயத்த பழைய ஸ்டோர்காரனோட பிரிச்சுப் புதுசா கட்டணும். அப்பறம் எல்லாரையும் இங்க கொண்டாந்துட்டு, அதையும் அப்பிடியே. அத்தைங்களுக்கு எடம் மாறினதே தெரியக்கூடாது. எங்கள டின் ஷெட்டுல ஒழுகுற கூரைய மாத்துறப்ப, அடுப்புல சோறு வேகுறப்பவே அடுத்த ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதே கததான்.

ஆனா ஒரு லயத்துல ஏழு பேரு கொள்ளல. ஆறுதான் கொள்ளுது. சாரு சிலேட்டுல ரெண்டு தடவ கூட்டிக் கழிச்சுப் பாத்தாரு. அப்பறம் கடைசி அத்தைய அணைச்சுட்டாரு. ஆள் வருகைக் கணக்கு பாக்குற மிஷினு நிக்குதுன்னு தெரிஞ்சதும், ஆபீஸ்ல பாதிப் பேரு மீன் மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டாங்க. படா சாப்பு கத்திக்கிட்டே வந்து கதவத் தட்டுறாரு.

சாரு கதவ அரையடி தொறந்து, "சோட்டி புவா ஸோ ரஹி ஹை, சாப்"ன்னாரு. சின்னத்தை தூங்குறாளாம்.

"கிஸ்கி புவா?" யாரோட அத்தைன்னு கேக்குறாரு.

"ஆப்கி பி, மேரி பி." உங்களுக்கும் அத்ததான், எனக்கும் அத்ததான்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டாரு. படா சாப்பு அங்கயே நின்னாரு. அவரு வாழ்க்கையில அவரு முன்னால சாத்தின மொதக் கதவு அதுவாத்தான் இருக்கும்.

உள்ள மிளகா நெடி. பென்டிரைவு சூடாக ஆக, ஏசி அந்த நெடிய நல்லாச் சுத்தி விடுது. நானும் சாரும் கண்ணு தண்ணியா ஊத்த ஊத்த உக்காந்து, ஒரு கோடு இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் போறதப் பாத்தோம். தொண்ணூத்திரண்டுல அவரு மூச்ச நிறுத்திட்டாரு. தொண்ணூத்தி மூணு வந்துச்சு. நான் டீ போடப் போனேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லயமும் முடிஞ்சு, ஏழு அத்தையும் ஏதும் தெரியாம உக்காந்திருந்தாங்க.

திங்கக்கெழம டிக்கெட்டு தெறந்தாச்சு. க்யூ கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போச்சு. பெரியத்தை அசரல. ஆனா சாருக்குத் திங்கக்கெழம மேல நம்பிக்க இல்ல. பதினோராம் நாளுக்குத்தான் காத்திருந்தாரு. அன்னிக்கு சிலேட்டு முன்னால பரீட்ச ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னாரு. மொத நாளு என்ன எழுதினாரோ அதே தொகதான். பன்னெண்டாம் நாளும் அதே.

அந்த வாரமே படா சாப்பு கூப்புட்டாரு. நான் டீயோட பின்னாலயே போயிட்டேன். கேம்பல் பே ஆபீஸ்லயும் இதே பொட்டி, இதே வியாதியாம். அங்க அணைச்சுப் போடக்கூட ஆளு இல்ல. நின்னா நிக்கிறதுதான். ஜனங்க காலையில இருந்து க்யூவுல நின்னுட்டு, டிக்கெட்டு இல்லாம திரும்பிப் போகுதாம். "டிரான்ஸ்பர் நஹி. இஷ்டம் இருந்தா போயி சரி பண்ணிட்டு வா. இல்லைன்னா நான் வற்புறுத்தல"ன்னாரு. மனுஷனுக்கு அப்பிடியும் பேசத் தெரிஞ்சிருக்கு.

சாரு கழுத்துக் கம்பளிய இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்பறம், "ஆஸ்பத்திரிக்கு இங்க வர்றவங்களும் அந்த க்யூவுலதான் நிப்பாங்களா?"ன்னு கேட்டாரு. ஆமான்னாரு படா சாப்பு. "அப்ப எந்தக் கப்பல்?"னாரு இவரு. என்னமோ பஸ்ஸு கேக்குற மாதிரி.

வெளிய வந்ததும், "ஏன் சார், எதுக்கு பயந்து இவ்வளவு பாடுபட்டீங்களோ, அதுக்கே கெளம்புறீங்களே"ன்னேன்.

"அன்னிக்கு அனுப்புறேன்னாங்க. இன்னிக்கு நானா போறேன். வாந்தி ஒண்ணுதாம்மா, மனசு வேற"ன்னுட்டு நடந்தாரு.

ஏத்திவிட நாந்தான் போனேன். ஏணிப்படியில எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசியா ஏறினாரு, கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. மேல போயி எனக்குக் கையாட்டணும்னு நெனச்சாரு, கம்பிய விட தைரியம் வரல, தலைய மட்டும் ஆட்டினாரு. கச்சால்ல அலை வந்து என் வீட்டுக்காரரக் கொண்டு போனதுல இருந்து, நான் கடலப் பாத்து ஒரு வார்த்த பேசினவ இல்ல. அன்னிக்குக் கப்பல் திரும்புறப்ப மட்டும் சொன்னேன், "இந்தா, இது நம்ம புள்ள. மெதுவாக் கூட்டிட்டுப் போ."