முகூர்த்தத்தில் வந்த அப்டேட்

'அப்புறம்' என்று ஒரு பொத்தான் இருந்தால், அதை அமுக்காத மனிதன் கிடையாது. நான் தீபாவளிக்கு அமுக்க ஆரம்பித்தவன், தை பிறந்தும் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அரியலூரில் மைக்செட் கடை. எட்டாவதோடு படிப்பு சரி. கொரோனாவுக்குப் பிறகு கல்யாணங்களை நேரலையில் காட்டும் வேலையையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு கேமரா, ஒரு லேப்டாப், மண்டபத்தில் ஒரு எல்.இ.டி. திரை. (கடை போர்டில் 'டிஜிட்டல்' என்ற வார்த்தையும் ஏறியது. அர்த்தம் கேட்காதீர்கள்.)

லேப்டாப் விற்றவர் சொல்லித்தான் கொடுத்தார்.

"அண்ணே, அப்டேட் கேட்டா போட்டுடுங்க. ரொம்பத் தள்ளுனா அதுவா ஒரு நாள் போட்டுக்கும்."

எந்நேரம் வேலை பார்ப்பேன் என்றும் கேட்டார். அந்த நேரத்தில் அது தொந்தரவு செய்யாதாம். கடை நேரத்தைச் சொன்னேன். காலை பத்திலிருந்து ராத்திரி பத்து. அப்படியே பதிந்து கொடுத்தார்.

முகூர்த்தம் விடியற்காலையில் வரும் என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அந்தத் தையில் என் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மச்சான் ஆண்டிமடத்துக்காரர். துபாயில் கிரேன் ஓட்டுகிறார். லீவு கொடுக்கவில்லை. வீடியோ கால் பேச அந்த ஊரில் தடை; நேரலையை மட்டும் போனில் பார்க்கலாம்.

"மாப்ள, உங்களத்தான் நம்பியிருக்கேன். தாலி கட்டறத மட்டும் அந்த நேரத்துக்குப் பாத்துட்டாப் போதும்" என்றார்.

"கவலையே படாதீங்க மச்சான்" என்றேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விடியற்காலை முகூர்த்தம். பெண்ணை மணையில் உட்கார வைத்தார்கள். திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. நான் தூண் ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் நெற்றிக்கு மேல் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இயந்திரம் தன்னை நிறுத்தித் திரும்பத் தொடங்கப் போகிறதாம். டம்ளரைப் போட்டுவிட்டு, கேமராவுக்குக் குறுக்கே ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. திரை முழுக்க நீலம். 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. கீழே சதவீதம்.

"என்னப்பா, மொய்யா ஏறுது?" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர்.

"இல்லீங்க ஐயா. மிஷின் கோளாறு."

பிளக்கில் கை வைத்தேன்.

"மாமா, புடுங்கிடாதீங்க" என்று மணையிலிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளைதான். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு இதே மாதிரி அப்டேட் போடுவதுதான் அவருக்கு வேலை. "பாதியில நிறுத்துனா அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது. எத்தன நாளாத் தள்ளுனீங்க?"

"தீபாவளியிலேருந்து தம்பி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்த ஐயர் மந்திரத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க. அவரு பாக்கணும்" என்றார் பெண்ணின் அம்மா.

"நேரம் முடியப் போறதும்மா."

இருந்தாலும் கொஞ்சம் பொறுத்தார். மண்டபமே திரும்பித் திரையைப் பார்த்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி பார்த்தார். எண் முப்பதைத் தாண்டி அப்படியே நின்றது. (என் கையில் இருந்த போனிலேயே நேரலை போட்டிருக்கலாம். அந்த யோசனை மறுநாள்தான் வந்தது.)

பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"மாமா, அப்பாவுக்குத் தெரியுதா?"

"இதோ வந்துடும்மா."

வரவில்லை. கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். பந்தி ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற பகுதி ஒன்று உண்டு. பெயர் கெர்னல். அதில் ஓட்டை இருந்திருக்கிறது. அது வழியாக எவனாவது புகுந்தால் கேமரா, பாஸ்வேர்டு, எல்லாம் அவன் சொன்னபடி கேட்கும். அதை அடைக்கத்தான் அந்த அப்டேட். கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

"அப்ப மிஷின் மேல தப்பு இல்லியா தம்பி?"

"இல்ல மாமா. அது பண்ணது சரிதான்."

திட்டுவதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் போச்சு.

மத்தியானம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், கேமராவுல பதிவு பத்திரமா இருக்கு. அனுப்பிடறேன்."

"அது கெடக்கட்டும் மாப்ள."

அங்கே நடந்ததைச் சொன்னார். குளித்து, பட்டு வேட்டி கட்டி, அறையில் தங்கியிருப்பவர்களை எல்லாம் எழுப்பி, ஆளுக்கொரு கை மஞ்சள் அரிசி கொடுத்து நின்றாராம். படம் நின்றுபோனது. காத்திருந்தார்கள். இந்நேரம் கட்டியிருப்பார்கள் என்று அவராகக் கணக்குப் போட்டுச் சொல்ல, எல்லோரும் அட்சதையைப் போன் மேலேயே போட்டுவிட்டார்கள்.

"நின்னுபோன படத்துல யாரு இருந்தா தெரியுமா?"

"யாரு மச்சான்?"

"நீங்கதான். வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு ஓடுறீங்க. பொண்ண மறைச்சிட்டீங்க. நாங்க எல்லாரும் சேந்து உங்களத்தான் ஆசீர்வாதம் பண்ணோம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியும் அவர் போனை வைக்கவில்லை.

"புள்ள அழுதுச்சா மாப்ள?"

"லேசா."

"ம்."

இப்போதும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் முதல் போன் எனக்குத்தான் வரும். "கல்யாண நாள் வாழ்த்து மாப்ள. தீர்க்காயுசா இருங்க." என் மனைவி ஸ்பீக்கரில் போட்டு வீட்டிலிருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுவிடுவாள். "எனக்குத் தெரியாம யாரக் கட்டுனீங்க?" என்பாள். ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பதுபோல் எல்லோரும் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் மகளிடம் பேசுவார்.

இரண்டு தடவை லீவில் வந்து போய்விட்டார். அந்தப் பதிவை இன்னும் பார்க்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.