மாமனாரின் காரில் நான் கழற்றிய ரேடியோ

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று பதினாலு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அதை என் கையால் ஒரே ஒருமுறைதான் செய்து பார்த்திருக்கிறேன். அதுவும் மாமனாரின் காரில்.

பிசிக்ஸ் டீச்சர் என்பதால் என் கணவர் வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு (உண்டு என்ன, இருந்தது). மிக்சி ஓடவில்லையா, காலிங் பெல் அடிக்கவில்லையா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகுவேன். பாதித் தடவை ஓடிவிடும். ஓடாவிட்டால் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "காயில் போயிடுச்சு" என்பேன். காயில் எங்கே இருக்கிறது, காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

நானும் என் கணவர் பாலுவும் கே.கே. நகரில் இருக்கிறோம். மாமனாரும் மாமியாரும் அதே ஊரில், ஸ்ரீரங்கத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய்விடுவோம். மாமாவிடம் இருபது வயதைத் தாண்டிய வெள்ளைக் கார் ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில், தெருவிலேயே நிற்கும். அவர் அதை ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். அதில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த ரேடியோ செட் இருந்தது. கேசட் போட ஒரு வாய், இரண்டு பக்கமும் திருகுகிற பட்டன், நடுவில் பச்சை எண்கள். அந்தக் காலத்துச் சாமான்; யார் கேட்கப் போகிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மாமாவுக்கு எழுபது முடிந்தபோது, அதை எடுத்துவிட்டு டச் ஸ்கிரீன் செட் ஒன்றை மாட்டி அவரை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. செட் விற்ற கடைக்காரர், வண்டியைக் கொண்டு வந்தால் தாங்களே மாட்டித் தருவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. முந்தின ராத்திரிதான் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் செட்டின் ஓரத்து ஓட்டைகளில் இரண்டு கம்பிகளைச் செருகி, டிராயரை இழுப்பதுபோல அதை வெளியே எடுத்துவிட்டார். நாலு நொடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் அத்தையும் உறையூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது என்று டவுன் பஸ்ஸில் போனார்கள். சுடிதாரில் அழுக்கு படக்கூடாது என்று, கொடியில் காய்ந்த அத்தையின் நைட்டி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோளில் துண்டு. பாலு டார்ச் பிடித்தார்.

"கடையிலேயே குடுத்துடலாமே," என்றார் அவர்.

"நீங்க லைட்ட மட்டும் ஆடாமப் பிடிங்க," என்றேன்.

கடையில் விற்கிற கம்பி என்னிடம் இல்லை. துணி மாட்டுகிற ஹேங்கரை வெட்டி வளைத்துச் செய்துகொண்டேன். அது உள்ளே சுலபமாகப் போனது. வெளியேதான் வரவில்லை. செட்டும் வரவில்லை. அரைமணி நேரம் இழுத்துவிட்டு, சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியைக் கொண்டு வந்து ஓரத்தில் விட்டு நெம்பினேன். 'படக்' என்றது. வந்தது செட் என்று நினைத்தேன். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. பாலு டார்ச்சை அணைத்தார். பார்க்காமல் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார் போல.

கடைசியில் நான் காலை டேஷ்போர்டில் ஊன்றி இழுத்த இழுப்பில் செட் வெளியே வந்து மடியில் விழுந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், பின்னாலிருந்த ஒயர்களைக் கத்தரிக்கோலால் வரிசையாக நறுக்கினேன். பிறகு புது செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டையருகே வைத்தேன். அது ஓட்டையைப் போல இரண்டு மடங்கு உயரம் இருந்தது.

அளக்காமல் எதையும் எழுதாதே என்று பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதுகிறவள் நான்.

இனி பழையதையே திரும்ப மாட்டிவிடலாம் என்று நறுக்கிய ஒயர்களை முறுக்க ஆரம்பித்தேன். எது எதோடு சேரும் என்று தெரியவில்லை. ஊதாவும் பழுப்பும், பச்சைக் கோடு போட்ட வெள்ளையுமாக ஒரு கற்றை. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும் என்று வீடியோவில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்று நான் அதை ஓட்டிவிட்டிருந்தேன். ஷாக் அடிக்கவில்லைதான். ஒரு பொறி பறந்தது, பச்சை எண்கள் ஒருமுறை பளிச்சென்று எரிந்தன, பிளாஸ்டிக் தீய்ந்த வாசனையோடு மெல்லிய புகை வந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரில் பேட்டரியைக் கொடுத்திருக்கிறேன் என்று பிற்பாடு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது.

மணி ஒன்றரை. அவர்கள் வருகிற நேரம். அப்போதாவது உண்மையைச் சொல்ல முடிவு செய்திருக்கலாம். நான் செட்டை ஓட்டைக்குள் தள்ளி, உடைந்த சட்டத்தை அதன்மேல் ஒட்டவைத்து, கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஓடி நைட்டியை மாற்றிக்கொண்டேன். மறுநாள் ஸ்கூலுக்கு லீவு போட்டு மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது திட்டம்.

வழக்கமாக நாலு மணிக்கே கிளம்பிவிடுவோம். அன்று இரவு சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். ஆறே முக்காலுக்கு மாமா கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்கே போகிறார் என்று பாலுவைக் கேட்டேன்.

"நியூஸ் கேக்க," என்றார் பாலு, சாதாரணமாக.

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த நேரத்தில் டிவியில் அத்தையின் சீரியல். அதனால் தினமும் சாயங்காலம் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துச் செய்தி கேட்பாராம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். எனக்கு இது தெரியாது. புது செட்டிலும் ரேடியோ இருக்குமே என்று நினைத்து பாலுவும் சொல்லவில்லையாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்விளக்கும் எரியவில்லை, அதன் ஃப்யூஸும் போயிருந்தது. தெரு விளக்கு வெளிச்சத்தில் மாமா பட்டனைத் திருகினார். மறுபடி திருகினார். மொத்த செட்டும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒயர்கள் தொங்க அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதுபோலத் திரும்ப உள்ளே வைத்தார். உடனே இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. செய்தி முடிகிற நேரம்வரை, எதுவும் கேட்காத அந்தக் காரில் உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் இல்லை.

வந்தவர் நேரே சமையலறைக்குப் போய்க் கைகழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் அத்தையிடம் சொன்னார்: "எவனோ கார் ரேடியோவத் திருடப் பாத்திருக்கான். முடியல போல, பாதியில விட்டுட்டுப் போயிட்டான். போனாப் போவுது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா. நான், "அச்சச்சோ, அப்படியா மாமா," என்றேன்.

ஆனால் அத்தை விடுகிறவர் இல்லை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார். மாமா வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அத்தை போய் அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். போனில் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தபடியே உள்ளே வந்த ஹெட்மாஸ்டர் திடீரென்று நின்று, என்னை ஒருமுறை பார்த்து, இருமினார். கேமரா கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன். அது கண்ணாடிபோல வேலை செய்தது.

அத்தை போனை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

"ஏங்க, பொம்பள இவ. கையில என்னமோ வச்சிருக்கா. நைட்டி... இது என் நைட்டியாச்சே. கொடியில கெடந்ததையும் எடுத்துட்டாளா?" கொஞ்சம் நகர்த்தினார். "டார்ச் பிடிக்கிறவன் பின்மண்டை நம்ம பாலு மாதிரியே இருக்கு."

பாலு தன் பின்மண்டையைக் கையால் மறைத்துக்கொண்டார். மாமா எழுந்து போனை வாங்கி, தூரமாக வைத்து ஒரு பார்வை பார்த்தார்.

"சரியாத் தெரியல சார். யாரோ என்னவோ. விட்டுடுங்க," என்று ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். மேடையில் தோசைத் திருப்பி இருந்தது. அதை நான் கார் சீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். இப்போது கழுவித் துடைத்து, அதன் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. மாமா காரிலிருந்து உள்ளே வந்தபோதே எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். திருடன் என்று சொன்னது எனக்காக.

கூடத்துக்குத் திரும்பி வந்து, ஹெட்மாஸ்டர் இருக்கும்போதே சொன்னேன். "நான்தான் மாமா. பொறந்தநாளுக்குப் புதுசு மாட்டலாம்னு..."

"கையில எதுவும் கிழிச்சுக்கலையேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றைக்கே தூங்கியிருப்பேன்.

மெக்கானிக் அந்த வாரமே எங்கிருந்தோ அதே மாதிரிப் பழைய செட் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். மாமா மறுபடி செய்தி கேட்கிறார். டச் ஸ்கிரீன் அட்டைப்பெட்டியோடு எங்கள் பீரோவில் தூங்குகிறது. இப்போதெல்லாம் மிக்சி நின்றால் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வீட்டில் ஒரு ஸ்பூன் காணவில்லை என்றாலும் அத்தை, "எதிர்வீட்டுக் கேமராவப் பாத்துடலாமா?" என்பார். ஹெட்மாஸ்டர் அந்த வீடியோவை அழிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கூடினால் அதைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். தோசைத் திருப்பியால் நெம்புகிற இடம் வரும்போது கூடமே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்ய.

போன் கைமாறிக் கைமாறி மாமாவிடமும் வரும். அவர் அதைத் தூரமாகப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார்.

"படம் தெளிவா இல்லியே," என்று சொல்லி, அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்.