கந்தசாமி வீட்டுக்கு ஏற்ற நாய்

"பொமரேனியன்தான் இந்த வீட்டுக்குள்ள வரும்!"

"அல்சேஷன்! அது வராட்டி நான் வெளிய போறேன்!"

கனகவல்லியும் கந்தசாமியும் போட்ட சத்தம் புனே பக்கத்து தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் அந்த லைன் முழுக்கக் கேட்டது. ஒரு வார்த்தை விட்டுப்போய்விடக் கூடாதே என்று எதிர்வீட்டு தர்மாம்பாள் டிவியை அணைத்துவிட்டு ஜன்னலருகே வந்து கீரை ஆய்ந்தாள்.

அந்த வாரம் லைனில் மூன்று ஸ்கூட்டர்களின் ஸ்டெப்னி காணாமல் போயிருந்தது. "நாய் கீய்னு யாராவது கொண்டுவந்தீங்க, நடக்கறதே வேற" என்றாள் கனகவல்லி. கந்தசாமி உடனே நாய் வேண்டும் என்றார். சரி, மடியில் அடங்குகிற பொமரேனியன் போதும் என்றாள். அவர் அல்சேஷனுக்குப் போய்விட்டார்.

ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பரான கந்தசாமி, மனைவி கிழக்கு என்றால் மேற்கே நடந்து இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர். அவள் பூரிக்கு மாவு பிசைந்தால் அவருக்கு தோசை நினைவு வரும். இதெல்லாம் லைனுக்கு வேடிக்கை. மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு இருபத்தேழு முடிந்ததுதான் வேடிக்கையாக இல்லை. கனகவல்லி தேடிக் கொண்டுவந்த ஒன்பது வரன்களையும் அவர் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவனுக்குக் காது பெரிது; இன்னொருவனுக்கு ஊர் சின்னது. "என் பொண்ணுக்கு மாப்பிள்ளைய நான்தான் பாப்பேன்" என்பார். பார்க்கத்தான் அவர் எங்கும் போகவில்லை. பத்தாவதும் தவறினால் அந்தப் பெண் வீட்டோடு தங்கிவிடும் என்று லைனில் முடிவே கட்டிவிட்டார்கள்.

"ரெண்டையும் ஆளுக்கொரு வாரம் வச்சுப் பாக்கலாமேப்பா" என்றாள் கிருஷ்ணப்ரியா. "பஜார்ல நாய் வளக்கற காசிம் பாய் ட்ரயலுக்குக் குடுப்பாராம்."

"நாய் என்ன சட்டையா, போட்டுப் பாத்து வாங்க?" என்றாள் கனகவல்லி.

"அப்ப ட்ரயல்தான்!" என்றார் கந்தசாமி.

அல்சேஷனை அழைத்து வந்தவன் மனோஜ். பின்லைனில் ஒண்டுக்குடித்தனம், சாகணில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர், லீவு நாளில் காசிம் பாயின் நாய்களைப் பழக்குகிறவன். "ஹிந்தியில சொன்னா கேக்கும் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கந்தசாமிக்கு ஹிந்தி தெரியும். ஆனால் அவர் ஹிந்தி பேசியது எல்லாம் டிப்போ ஆபீசர்களிடம். ஆகவே நாயைப் பார்த்ததும் முதுகு தானாக வளைந்தது.

"ஆப் பைட்டியே, சார்."

நாய் உட்காரவில்லை. ஆனால் மரியாதை பிடித்திருந்தது போல, அவருடைய ஈஸிசேரில் ஏறிப் படுத்துக்கொண்டது. இறக்குவதற்காகச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார். அது அவரை ரயில்வே ஸ்டேஷன் வரை இழுத்துப்போய், ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏற்றி உட்காரவைத்தது. மறுநாள் புத்திசாலித்தனமாக ஸ்கூட்டரில் கட்டினார். லைனில் அதுவரை ஸ்டெப்னிகள்தான் காணாமல் போயின. அன்று முழு ஸ்கூட்டரும் கால்வாசித் தெரு போய்ச் சாக்கடையில் சாய்ந்தது.

கிருஷ்ணப்ரியா ஓடிப்போய் மனோஜைக் கூட்டி வந்தாள். அவன் ஒரு சீட்டி அடித்தான். நாய் பூனையாகி வந்து காலடியில் படுத்தது.

"தம்பி, நீங்க தெய்வம்" என்றார் கந்தசாமி, முழங்காலைத் தடவியபடி. "காலையும் சாயங்காலமும் வந்துட்டுப் போங்க."

"வயசுப் பொண்ணு இருக்கற வீடுங்க!" என்று கனகவல்லி கத்தினாள். "கண்டவனும் வந்து போனா லைன்ல என்ன பேசுவாங்க?"

"வருவான்! காப்பியும் குடிப்பான்! பிரியா, தம்பிக்குக் காப்பி போடும்மா!"

மறுவாரம் பொமரேனியன். முயல் அளவு உருவம், லாரி ஹாரன் அளவு குரல். பால்காரர், தபால்காரர், தர்மாம்பாள், மின்விசிறி என்று எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. கந்தசாமியைப் பார்த்து மட்டும் குரைக்கவில்லை; கடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தார். பெரிய நாய் வந்தால் இது அடங்கும் என்று அல்சேஷனையும் வரவழைத்தார். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிச் சிநேகிதமாகி, மேஜைக்கு இரு பக்கமும் காவல் இருந்தன.

மனோஜ் வந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். கீழே விழுந்திருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான். கந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாத முதல் ஆண்பிள்ளை.

"பாத்தியா கனகா? இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா?"

"கிடைக்காம என்ன? நாய் மேய்க்கிறவன்!" கனகவல்லி முகத்தை நொடித்தாள். "விட்டா இவனையே மாப்பிள்ளையாக்குவீங்க போல. அப்படி ஏதாவது நடந்துது, நான் அடுத்த வண்டியில எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்!"

நாய்கள்கூட நிமிர்ந்து பார்த்தன.

"போ!" என்றார் கந்தசாமி. "டிக்கெட் நான் எடுத்துத் தரேன். தம்பி, நாளைக்கே உங்க அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க!"

கிருஷ்ணப்ரியா தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்கு ஓடினாள். கனகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். பாவம், எப்படி அழுகிறாள் பார் என்று தர்மாம்பாளுக்கே மனசு இளகிவிட்டது.

தை மாதம் முருகன் கோயிலில் கல்யாணம். கனகவல்லி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன்தான் குடும்பத்தோடு இங்கே வந்து பந்தி பரிமாறினார். மூன்றாம் நாள் மணமக்கள் சாகணுக்குக் குடிபோனார்கள். நாய்கள் பஜாருக்குத் திரும்பின.

அடுத்த ஞாயிறு கந்தசாமி ஒரு கிலோ பேடாவை எடுத்துக்கொண்டு காசிம் பாயின் கொட்டகைக்குப் போனார். அல்சேஷனைத் தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

"பாய், உங்க நாய்ங்களுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன். அதுங்க இல்லன்னா இப்படி ஒரு மாப்பிள்ளைய நான் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

காசிம் பாய் டப்பாவை வாங்காமல் திருப்பி நீட்டினார்.

"எனக்கு எதுக்கு சார்? உங்க வீட்டு அம்மாவுக்குக் குடுங்க. மனோஜ் சொன்னாக் கேக்கணும், சார் சொன்னாக் கேக்கவே கூடாது, அப்படி ரெண்டு நாயைப் பழக்கி வைங்க பாய்னு ஆறு மாசம் முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனதே அவங்கதானே!"