மேல் அடுக்கின் மரியாதை

ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க உலகில் எத்தனையோ நிறுவனங்கள் முயன்று தோற்றிருக்கின்றன. சால்ட் லேக் செக்டர் ஃபைவில், நான்காம் மாடியில் இயங்கிய அந்த மென்பொருள் நிறுவனம் மட்டும்தான் அழுத்தத்தை ஒரு பல்லியிடம் ஒப்படைத்து வெற்றி கண்டது.

வரவேற்பறையில் ‘அமைதிச் சுவர்’ எழுந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிப் பெட்டிகள். மேலே விஷன் என்ற கொண்டைப் பல்லி. நடுவில் மிஷன் என்ற சோளப்பாம்பு. அடியில் வேல்யூஸ் என்ற பாலைவன ஓணான். நிறுவனத்தின் கொள்கைகள் உயிரோடு அசைவதை ஊழியர்கள் கண்டது அதுவே முதல் முறை.

அடுக்கு ஒதுக்கீடு மிக நியாயமாக நடந்தது. பல்லி, டைரக்டர் சேஷாத்ரியின் பெயரில் வந்தது, ஆகவே மேலே. பாம்பு, நிர்வாகப் பிரிவு மேலாளர் ஷ்யாமின் பெயரில், ஆகவே நடுவே. ஓணான் பயிற்சி ஊழியர்களுக்குப் பொது. அதற்கு இடம் கிடைத்ததே பெரிது. சூடேற்றும் விளக்குகளும் அதே விதிப்படி மூன்று, இரண்டு, ஒன்று. அங்கே கார் நிறுத்துமிடமும் இப்படித்தான் பிரிக்கப்படும்.

வெப்பநிலைப் பதிவேடு பயிற்சி ஊழியர் அக்ஷராவிடம் வந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காளிகாட்டில் மாலை வகுப்பில் வளர்ப்புப் பிராணிப் பராமரிப்பு படிப்பதாக விண்ணப்பத்தில் உண்மையை எழுதிவிட்டாள். அதற்கான தண்டனை இது.

முதல் நாளே அவளுக்குப் புரிந்தது. கீழ்ப் பெட்டியின் விளக்குச் சூடு மேல் பெட்டியின் தரையைச் சுட்டது. நாற்பது டிகிரி வெயிலில் காய வேண்டிய ஓணான், ஏசி காற்றில் இருபத்தாறில் சுருண்டு கிடந்தது. இருபத்தெட்டைத் தாண்டினாலே தவிக்கும், விளக்கே வேண்டாத இரவுப் பிராணியான பல்லி, உச்சியில் முப்பத்து மூன்றில் வெந்தது.

தெர்மாமீட்டர்தான் தப்பு என்று அக்ஷரா நினைத்தாள். இன்னொன்று வாங்கினாள். அதுவும் முப்பத்து மூன்று என்றது. இரண்டையும் தன் அக்குளில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. மாலை வகுப்பு ஆசிரியருக்கே தவறாகத் தெரிந்திருக்குமோ என்று மேலும் ஒரு நாள் யோசித்தாள். பிறகுதான் ஷ்யாமிடம் போனாள்.

“ஷ்யாம்தா, விஷன் வாயைத் தொறந்துக்கிட்டு மூச்சு வாங்குது.”

“சிரிக்குதும்மா. க்ளையண்ட் கூட சொன்னாங்களே, எவ்ளோ ஹாப்பியா இருக்குன்னு. அஃபீஷியல் மீட்டரைப் பாரு, இருபத்து நாலு!”

“அது பெட்டிக்கு வெளியில தொங்குது. ஏசிக்கு நேர் கீழ.”

“உள்ள வச்சா நம்பர் ஏறி எறங்குது. டிஸ்ப்ளே ஸ்டெடியா இருக்கணும்னு கமிட்டியில முடிவு பண்ணியாச்சு.”

“பல்லியைக் கீழயும் ஓணானை மேலயும் மாத்தி வச்சா போதும். பத்து நிமிஷ வேலை.”

“பாகோல் நாகி? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? டைரக்டரைக் கொண்டுபோய் ட்ரெயினிக்குக் கீழ வைக்கச் சொல்றே!”

“டைரக்டரை இல்ல, பல்லியை.”

“அலாட்மெண்ட் ஆர்டர்ல ரெண்டும் ஒரே லைன்லதான் இருக்கு.”

விஷயம் ‘உயர்மட்டக் கமிட்டி’க்குப் போனது. சேஷாத்ரி பொறுமையாகக் கேட்டார்.

“ஏம்மா, என் விஷன் ஒரு ஓணானுக்குக் கீழ உக்காரணுமா? வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து வரவா என்ன நெனைப்பா?”

“சூடு மேலதான் ஏறும் ஸார். செத்துப் போயிடும். ஒருவேளை நான் தப்பாவும்...”

“தப்பா இருக்கலாம்னு நீயே சொல்றே! அப்புறம் என்ன?”

கமிட்டி கலைந்தது. விருந்தினர் வருகையை முன்னிட்டு மேல் அடுக்குக்கு மரியாதை நிமித்தம் நான்காவது விளக்கு வழங்கப்பட்டது.

வியாழன் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அக்ஷரா பல்லியையும் ஓணானையும் இடம் மாற்றினாள். அடிப்பெட்டியின் விளக்கையும் அணைத்தாள். பல்லி இரண்டு சொட்டுத் தண்ணீரை நக்கி வாயை மூடியது. மேலே ஓணான் உடம்பைத் தட்டையாக விரித்துச் சூடு காய்ந்தது. ஒரு மணி நேரம் அந்த அலுவலகத்தில் இருவர் உண்மையிலேயே அமைதியாக இருந்தார்கள். இரண்டரைக்கு ஷ்யாம் பார்த்துவிட்டார். ‘அனுமதியற்ற பதவியிறக்கம்’ என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் குறிப்பாணை வந்தது. பல்லிக்குப் பழைய பதவி திரும்பக் கிடைத்தது.

விருந்தினர்கள் வந்தார்கள், மெச்சினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் விஷன் நன்றாக வாயைத் திறந்திருந்தது. திங்கள் காலையில் அது விறைத்துக் கிடந்தது.

இரங்கல் கூட்டத்தில் சேஷாத்ரி உருகினார். “கடைசி மூச்சு வரைக்கும் தன் பொசிஷனை விட்டுக் கொடுக்கலை. அதான் கமிட்மெண்ட்! நாமெல்லாம் கத்துக்கணும்.”

இரண்டு நிமிட மௌனம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஷ்யாம் தொண்டையைச் செருமினார். துக்கத்தையும் மீறி அவர் முகத்தில் ஒரு பொலிவு.

“ஸார், மேல் அடுக்கு காலியா இருக்கு. அடுத்த சீனியர் மிஷன்தான். இன்னிக்கே மேல ஏத்திடலாம். வேல்யூஸ் நடுவுக்கு வரும்.”

“நாலு லைட்டும் அப்படியே இருக்கட்டும். குறைச்சா மரியாதையா இருக்காது.”

எல்லோரும் கை தட்டினார்கள். அக்ஷரா எழுந்தாள். இந்த முறை அவள் ‘ஒருவேளை’ என்று ஆரம்பிக்கவில்லை.

“ஒரு சந்தேகம் ஸார். கொல்றதும் சீனியாரிட்டிப்படிதானா?”

சேஷாத்ரி ஷ்யாமைப் பார்த்தார். ஷ்யாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார்.

“ஆமா ஸார். யாருக்கும் விலக்கு இல்ல.”