சத்தமில்லாத வீடு

"நாலு மணிக்கு வர்றாங்க. இப்பவே மூணு" என்றாள் எழில்மொழி.

செழியன் கொல்லையில் மோட்டார் முன்னால் குந்தியிருந்தான். குடவாசலில் அவன் இந்த வீட்டைக் கட்டியபோது தெரு தாழ்வாகத்தான் இருந்தது. அப்புறம் மூன்று முறை ரோடு போட்டு உயர்த்தினார்கள். வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. குளியலறை, கழிப்பறைத் தண்ணீரெல்லாம் கொல்லைக் குழியில் சேரும். குழி நிறைந்ததும் மேலே இருக்கும் மோட்டார் தானாக ஓடி, அதைத் தெருச் சாக்கடைக்குத் தள்ளும். அது ஓடினால் அடுப்படியில் டம்ளர்கள் நடுங்கும்.

மனைவி எழில்மொழிக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகிவிட்டது. வீட்டை விற்றாக வேண்டும். பார்க்க வந்த மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

செழியன் பழைய டயரை வெட்டி மோட்டாருக்கு அடியில் செருகி, சுவிட்சைப் போட்டான். மோட்டார் தவளை மாதிரி துள்ளியது. குழாய் சுவரில் போய் மோதியது.

"முன்ன நடுங்குச்சு. இப்ப அடிக்குது."

"சும்மா இரு" என்று குழாயை ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினான். இப்போது ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரி உறுமியது.

பிளம்பர் பஞ்சநதத்துக்குப் போன் போட்டான்.

"சுவத்தோட இறுக்குனா வீடு பூரா சத்தம் பரவும் சார். நடுவுல ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் போடணும். நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு வந்து என்னத்துக்குய்யா!"

மூன்றே முக்காலுக்கு மெத்தையைக் கொண்டுவந்து மோட்டாரைப் போர்த்தினான். சத்தம் அடங்கியது. ஐந்தே நிமிடம்.

"என்னங்க, கருகுற வாடை வருது!"

மெத்தையைப் பிடுங்கி எறிந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. செழியன் மோட்டார் சுவிட்சையே அணைத்துவிட்டுக் கொல்லைக் கதவைப் பூட்டினான்.

"குழி நிறைஞ்சிட்டா?"

"அரை மணி நேரம் தாங்கும். தண்ணியத் திறக்காம பாத்துக்க."

வீடு பார்க்க வந்த நெய்னா முகம்மது முதல் வேலையாகக் குழாய்களைத் திறந்தார். ஒன்று விடாமல் திறந்தார். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அவர் மனைவி ஷம்சாத் எதுவும் பேசாமல் கூடவே வந்தாள்.

"தண்ணி நல்லா வருது சார்."

 குளியலறைத் தரையில் 'கொளக்' என்றது. வடிகால் வாயில் கறுப்பாக ஒரு வட்டம் எழும்பியது. எழில்மொழி சட்டென்று உள்ளே போய், அதன்மேல் காலை வைத்து நின்றபடி, "வாங்க, மாடியப் பாத்துடலாம்" என்று சிரித்தாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

"வீடு ரோட்டைவிடப் பள்ளமா இருக்கே சார், கழிவுத் தண்ணி எப்படி வெளிய போகுது? மோட்டார் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"மோட்டாரா? சேச்சே! தானாவே போயிடும் பாய். ஒரு பொட்டுச் சத்தம் கேக்குதா பாருங்க!"

வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பியை முழுவதும் குடித்தார்கள். செழியனுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

நெய்னா முகம்மது காரை எடுக்கப் போனதும், ஷம்சாத் வாசலில் தயங்கி நின்று எழில்மொழியின் கையைப் பிடித்தாள்.

"வீடு மனசுக்குப் புடிச்சிருந்துச்சுக்கா. ஆனா போன மழைக்குச் சாக்கடைத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள கட்டில் உசரத்துக்கு ஏறிடுச்சு. அதான் எம்புட்டுச் சத்தம் போட்டாலும் சரி, மோட்டார் வெச்ச வீடாத்தான் வாங்கணும்னு தேடிக்கிட்டிருக்கோம்."